வீட்டை வாங்குமுன் பிளானைக் கேளுங்கள்

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை என் ராத்தாவின் மகள் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே உறுதியின் போட்டோப் பிரதி ஒன்று, மஞ்சள் பூத்த நில அளவைப் படம் ஒன்று, சோலைவரி கட்டிய துண்டுகள் ஐந்தாறு. "சாச்சி, வீடு பாத்திட்டன். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறன். ஒருக்கா பாத்து சொல்லுங்க" என்றாள்.

அவள் குவைத்தில் ஒன்பது வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தவள். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளும் என் வீட்டிலும் ராத்தாவின் வீட்டிலுமாக மாறிமாறி வளர்ந்தார்கள். அந்தப் பைக்குள் இருந்தது ஒன்பது வருடத்து உழைப்பு. எனக்குக் கை நடுங்கியது. "மகள், அட்வான்ஸ் ஒரு கிழமை பொறுக்கட்டும். பிளான் எங்கே?" என்று கேட்டேன். "பிளான் இதுதானே" என்று நில அளவைப் படத்தைக் காட்டினாள்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தப் பதில்தான். நில அளவைப் படம் வேறு, கட்டடப் பிளான் வேறு. முதலாவது காணி எவ்வளவு, எல்லை எது என்று சொல்லும். இரண்டாவது, அந்தக் காணியில் என்ன கட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதி தந்தது என்று சொல்லும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்க வேண்டாம். படித்துத் தெரிந்துகொண்டதல்ல. இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டது.

நாங்கள் எருக்கலம்பிட்டிக்காரர். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினோம். சுமார் 75,000 பேர் அப்படி வெளியேறினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இங்குள்ள சனங்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டார்கள். அந்த உதவியை இன்றைக்கும் மறக்கவில்லை. கிடுகுக் கொட்டிலில் ஆறு வருடம் இருந்த பிறகு, 1996இல் கனமூலைப் பக்கம் 15 பேர்ச் துண்டொன்றை வாங்கினோம். வாங்கினோம் என்று அப்போது நினைத்தோம்.

எழுதியது முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில். விற்றவர் கையெழுத்து வைத்தார், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி வைத்தார்கள், காசு எண்ணிக் கொடுத்தோம். நல்ல மனிதர். அவர் எங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் என்று பெயர். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டத்தின் முன் செல்லாது. கிராம சேவகர் கையெழுத்து வைத்தாலும் சரி, பள்ளிவாசல் முத்திரை குத்தினாலும் சரி.

அந்தக் கடதாசியை நான் பதினொரு வருடம் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். 2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாங்களே வீடு கட்டுவதற்குக் கட்டம் கட்டமாகக் காசு கொடுக்கும் திட்டம். அத்திவாரம் போட்டால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் ஒரு தொகை என்று. ஆனால் முதலில் காணி உன்னுடையதுதானா என்று கேட்டார்கள். பெட்டியைத் திறந்து கடதாசியைக் காட்டினேன். பார்த்த உத்தியோகத்தர் என் மனம் நோகாமல்தான் சொன்னார்: "ராத்தா, இது உறுதி இல்லை."

விற்றவர் அதற்குள் மௌத்தாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவர் சவூதியில். ஐந்து பேரும் கையெழுத்திட்டால்தான் உறுதி எழுத முடியும் என்று நொத்தாரிசு சொன்னார். சவூதியில் இருந்தவரிடமிருந்து அற்றோனித் தத்துவம் வருவதற்கு மட்டும் ஏழு மாதம். ஒரு மகன், காணியின் விலை ஏறிவிட்டது, மேலே கொஞ்சம் தர வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் கொடுத்தேன். அப்படித்தான் ஒரே காணியை இரண்டு தடவை வாங்கினேன். திட்டக்காரர் காணிப் பத்திரங்களைச் சீர்ப்படுத்துவதற்கு உதவி செய்தபடியால் தப்பினேன். அந்த உறுதி என் பெயரில் எழுதப்பட்ட நாளில் வீட்டில் கஞ்சி காய்ச்சிப் பங்கிட்டோம்.

இந்த இடத்தில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு விடயம். உங்களில் பலர் உறுதியை ஷெல்லடிக்குள் விட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். உறுதிக் கடதாசி போனால் காணி போகாது. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒரு பிரதி உங்கள் கையில், ஒன்று அவருடைய கோவையில், இன்னொன்று காணிப் பதிவகத்தில் இருக்கும். அந்தப் பதிவகத்துக்குப் போய் உறுதி இலக்கத்தையோ, எழுதிய நொத்தாரிசின் பெயரையோ, காணியின் பெயரையோ சொல்லித் தேடச் சொன்னால், பதிவாளரின் முத்திரையோடு உறுதிப்படுத்திய பிரதி பெறலாம்.

இனி என் இரண்டாவது அடி. இதுதான் பிளான் பற்றியது.

திட்டத்தில் கட்டிய வீடு சிறியது. இரண்டு அறை, ஒரு சின்ன விறாந்தை, பின்னால் குசினி. 2013இல் முன்பக்கம் வீதியைப் பார்த்து ஒரு கடை அறை இறக்கினால் அரிசி மாவும் இடியப்பமும் விற்கலாம் என்று ஆசைப்பட்டேன். மேசன் பாஸிடம், யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். "உங்கட காணிக்குள்ள நீங்க கட்டறதுக்கு யாரிட்ட கேக்கணும்?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. இரண்டு காப்பை விற்றேன். புளொக் கல், சீமெந்து, சீற் எல்லாம் வந்தது. இருபது நாளில் சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று.

ஒரு நாள் பிற்பகல் ஒருவர் வந்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முழுக்கச் சிங்களம். மின்சாரக் காரியமாக இருக்கும் என்று நினைத்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பக்கத்து வீட்டுப் பையன் வந்தபோதுதான் வாசிக்கக் கொடுத்தேன். அவன் முகம் மாறியது. "மாமி, அனுமதி இல்லாமக் கட்டினத நிப்பாட்டி, ஏழு நாளைக்குள்ள பழையபடி ஆக்கச் சொல்லி இருக்கு. இல்லாட்டி கோட்டுக்கு போவாங்களாம்."

அன்றிரவு நான் தூங்கவில்லை. அடுத்த நாள் காலையில் கந்தோருக்கு ஓடினேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளந்தார். கடையின் முன்சுவர் கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டி நான்கு அடி வீதிப் பக்கம் வந்திருந்தது. அறையின் மற்றப் பகுதியைப் புதிய பிளானில் காட்டி, மேலதிகக் கட்டணம் கட்டினால் அனுமதி கேட்கலாம், ஆனால் அந்த நான்கு அடியும் இருக்க முடியாது என்றார். மேசன் பாஸைத்தான் மறுபடி கூப்பிட்டேன். அவரே உடைத்தார், அதற்கும் நாள்கூலி வாங்கினார்.

நியாயம் என் பக்கம் என்று அப்போது நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரே விளங்கப்படுத்தினார். வீடுகள், நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டிலேயே வந்தது. வீடு புதிதாகக் கட்டவும், இருக்கும் கட்டடத்தை மாற்றவும் கூட்டவும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று அதில் இருக்கிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமாக இருந்தால், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதற்கு 1982இல் வந்த திருத்தமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டப்படி கட்டுவது மட்டுமல்ல, காணியைத் துண்டு போடுவதும், வீட்டைக் கடையாக மாற்றுவதும்கூட அனுமதி எடுக்க வேண்டிய காரியம். மரக்கறித் தோட்டம் போடுவதற்கும் வீட்டு வளவில் பூக்கன்று வைப்பதற்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பலகை, புளொக் கல், தூண் என்று எழும்பினால்தான் கேள்வி.

எல்லைக்கோடு என்பது என்ன? வீதி நாளைக்கு அகலமாகலாம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். அது வீதிக்கோடு. அதற்கு உள்ளே இன்னும் கொஞ்சம் விட்டு, இதைத் தாண்டிக் கட்டடம் வரக்கூடாது என்று இன்னொரு கோடு. இரண்டும் தரையில் தெரியாது. வேலி எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பிரதேச சபையிடம் விண்ணப்பித்தால் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி அரசால் சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் தருவார்கள். சபை வீதியாக இல்லாமல், புத்தளம் – கொழும்பு வீதி போல வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதியாக இருந்தால் அந்தக் கோட்டை அங்கேதான் கேட்க வேண்டும். நான் 2013இல் இந்த ஒரு சான்றிதழை எடுத்திருந்தால் இரண்டு காப்பில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

சிங்களக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் ஓர் அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. இது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் விளங்காத கடிதம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாசிக்கக் கொடுத்துவிட்டு, தமிழில் தரும்படி நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறது.

சரி, ராத்தாவின் மகளிடம் வருவோம்.

அவள் உண்மையில் பார்த்தது இரண்டு வீடு. முதலில் பார்த்தது மலிவு. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டபோது, "பேமிற் காணியாம் சாச்சி, அதுக்கென்ன?" என்றாள். அதுக்கென்ன என்று விட முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் அனுமதிப்பத்திரக் காணியை, கையில் வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியானாலும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிய எழுத்து வெறும் எழுத்துத்தான். இப்படி வாங்கி, வீடும் கட்டி, பிறகு பழைய உரிமையாளரின் பிள்ளை வந்து நிற்கும்போது வாயடைத்துப்போன பெண்களை எனக்குத் தெரியும்.

இந்தச் சட்டத்தில் பெண்களுக்கு இன்னொரு நோவும் இருந்தது. உரித்தாளர் யார் என்று எழுதி வைக்காமல் ஒருவர் இறந்துபோனால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். மூத்த மகள் தாயைப் பார்த்து, காணியையும் பார்த்து, கடைசியில் எங்கோ இருந்த தம்பி வந்து எடுத்துக்கொண்ட கதைகள் பல ஊர்களில் உண்டு. 2022இல் வந்த திருத்தத்தில்தான் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை எடுத்தார்கள். உங்களிடம் பேமிற் காணி இருந்தால், உரித்தாளர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் போய்க் கேளுங்கள். உயிரோடு இருக்கும்போது கேட்பது லேசு.

அந்த வீட்டை விட்டோம். அதன் பின்வேலி களப்புக்குக் கிட்ட இருந்தது இன்னொரு காரணம். கரையோரம் பேணல் சட்டம் 1981இல் வந்தது. கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு 2005இல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத் தடை போட்டு, பிறகு தளர்த்தியதும் ஞாபகம் இருக்கும். அந்தப் பரபரப்பில் தெரியாமல் போனது, 2011இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது கடலோடு தொடுக்கும் களப்பு போன்ற நீர்நிலைகளின் ஓரமும் 100 மீற்றர் வரை வலயத்துக்குள் வந்தது. நம் ஊர்களில் கடலைக் காணாத வீடும் களப்பைக் காணும். பிரதேச செயலகத்திலேயே இதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வீடுதான் அவள் மடியில் கொண்டுவந்து வைத்தது. 12 பேர்ச். மன்னாருக்குத் திரும்பிப் போகும் ஒரு குடும்பத்துடையது. 2009க்குப் பிறகு எங்கள் சனத்தில் பாதிப் பேர் அங்கும் இங்குமாகவே இருக்கிறார்கள். கிழவன் கிழவி ஊருக்குப் போவார்கள், படிக்கும் பிள்ளைகள் இங்கே நிற்பார்கள். இந்தக் குடும்பம் முழுமையாகப் போவதென்று முடிவெடுத்துவிட்டது. காணிக்கு நொத்தாரிசு எழுதிய உறுதி இருந்தது. அதை நம்பி விடாமல், புத்தளம் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க ஒரு நொத்தாரிசைப் பிடித்தோம். முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தார். ஈடு இல்லை, வழக்கு இல்லை, காணி சுத்தம் என்றார். ராத்தாவின் மகள் துள்ளினாள்.

"இனி வீட்டைப் பார்ப்போம்" என்றேன். "வீட்டைத்தான் பாத்திட்டேனே" என்றாள்.

விற்கும் பெண்ணிடம், அவளும் எங்கள் ஊர்தான், பிளான் இருக்கிறதா என்று கேட்டேன். பாவம், தேடி எடுத்துத் தந்தாள். வீடமைப்புத் திட்டக் காலத்தில் எடுத்த அனுமதி. அதை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தோம். பிளானில் இரண்டு அறை, வீட்டில் மூன்று. பிளானில் குசினிக்குப் பின்னால் வெறும் நிலம், வீட்டில் பின்மதிலோடு ஒட்டி இன்னொரு குசினி. பக்கத்தில் ஒரு சீற் இறக்கி எல்லைச் சுவரில் முட்ட வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் அடுத்த வளவில் விழும். மலசலகூடக் குழி பிளானில் ஒரு மூலையில், நிலத்தில் வேறு மூலையில். எனக்கு என் கடை அறைதான் ஞாபகம் வந்தது.

இதைக் கேட்டு அவள் முகம் சுருங்கிப்போனது. "அவங்க கட்டினதுதானே, நான் என்ன செய்ய?" என்றாள். அதுதான் விடயம். கட்டியது யார் என்று கட்டடம் சொல்லாது. நோட்டீஸ் வரும் நாளில் அந்த வீட்டில் இருப்பவளுக்குத்தான் வரும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நோட்டீசுக்குக் கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் உடைக்கும் கட்டளை கேட்க முடியும். மன்னாருக்குப் போன குடும்பத்தைத் தேடிப் பிடித்து நட்டம் கேட்பதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா?

சோலைவரித் துண்டுகளைக் காட்டி, "வரி எடுக்கிறாங்களே, அப்ப அனுமதி இருக்குத்தானே" என்றும் கேட்டாள். இல்லை. வரி என்பது கட்டடம் இருப்பதற்கு எடுப்பது. வரி கட்டினால் கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது, காணி சொந்தமாகிவிடவும் மாட்டாது. மின்சாரப் பில்லும் அப்படித்தான்.

இன்னொரு கடதாசி பற்றி அநேகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சீ.ஓ.சீ. என்பார்கள், ஒத்திசைவுச் சான்றிதழ். பிளானுக்கு அனுமதி எடுப்பது பாதி வேலைதான். கட்டி முடித்த பிறகு, பிளானில் உள்ளபடியே கட்டியிருக்கிறது, குடியிருக்கலாம் என்று சபை பார்த்துத் தரும் சான்றிதழ் அது. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி இதைக் கேட்கும். அந்த வீட்டுக்கு அது இல்லை. என் வீட்டுக்கும் 2014 வரை இருக்கவில்லை.

நாங்கள் பிரதேச சபைக்குப் போனோம். போகுமுன் ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதச் சொன்னேன், ஏனென்றால் கவுண்டருக்கு முன்னால் நின்றால் நமக்கு வாய் வராது. இந்த இடம் நகர அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் வருகிறதா? வீதிக்கோடு எங்கே? 12 பேர்ச்சில் எவ்வளவு கட்டலாம், பின்னால் எவ்வளவு விட வேண்டும்? கூட்டிக் கட்டியதற்குப் பிந்தி அனுமதி கேட்க முடியுமா, முடியாவிட்டால் எதை உடைக்க வேண்டும்? முன் அறையில் தையல் கடை போடலாமா? அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகப் பதில் சொன்னார். காணி வாங்குமுன் வந்து கேட்கிறவர்கள் குறைவு, வாங்கிக் கட்டி மாட்டிக்கொண்டபின்தான் வருகிறார்கள் என்றார். உங்கள் இடத்தில் பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

துண்டுக் காணி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே தென்னந்தோட்டத்தைத் துண்டு போட்டு, கலர் நோட்டீஸ் அடித்து, மாதத் தவணைக்கு விற்கிறார்கள். அந்தத் துண்டாக்கலுக்கே சபை அனுமதி இருக்க வேண்டும். பெரிய தென்னந்தோட்டமானால் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. துண்டாக்கல் படத்தில் அனுமதி முத்திரை இல்லாவிட்டால், அதில் நீங்கள் வீடு கட்டப் பிளான் கொண்டுபோகும்போது பாதை அகலம் போதாது, துண்டு சிறிது என்று திருப்பிவிடுவார்கள். 1986இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள், குடியிருப்புத் துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச் இருக்க வேண்டும் என்றன. 2021இல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆகவே யாரோ முன்பு சொன்ன கணக்கை நம்பாமல் இன்றைய கணக்கைக் கேளுங்கள். 15 பேர்ச்சை மூன்று மகள்களுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுக்க நினைக்கும் உம்மாமாருக்கு இது முக்கியம். கொடுக்கும் மனம் பெரிது, துண்டு சிறிது.

குழி விடயத்தைப் பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து பார்த்தார். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்றார். நம்முடையது மணல் நிலம். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. கற்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் பசளையால் நைத்திரேற்று கூடிப்போனதை ஆராய்ச்சிக்காரர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு குழியும் சேர்ந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைப்பது எப்படி? அடுத்த வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது எனக்கே புதிது. அளந்தோம். 31 அடி.

கடைசியில் விற்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். சண்டை பிடிக்கவில்லை. அவர்களும் நம்மைப் போல அலைந்த சனம்தான், தெரியாமல் கட்டியது. எல்லைச் சுவரில் முட்டிய சீற்றை அவர்கள் கழற்றுவது, பின்மதிலோடு ஒட்டிய குசினியையும் உடைப்பது, மூன்றாவது அறைக்குப் பிந்திய அனுமதியை அவர்கள் பெயரிலேயே விண்ணப்பிப்பது, குழியை மாற்றும் செலவை விலையில் குறைப்பது என்று பேசி முடிந்தது. அட்வான்ஸ் சிறிய தொகை. அதையும் நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கையோடுதான் கொடுத்தாள். அனுமதி வந்த பிறகே மீதிக் காசும் உறுதியும் என்று அதில் எழுதினோம். விற்கும் பெண் முதலில் முகம் சுளித்தாள். பிறகு அவளே, மன்னாரில் கட்டப்போகும் வீட்டுக்கும் இப்படித்தான் செய்ய வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். ஆம் என்றேன்.

உறுதி யார் பெயரில் என்ற பேச்சும் வந்தது. ராத்தாவின் மகன், அதாவது அவளுடைய நானா, "பொம்பளப் புள்ள கந்தோர் கந்தோரா அலையணுமே, என்ட பேர்ல எழுதுவோம்" என்றான். நல்ல மனதோடு சொன்னதுதான். நான் விடவில்லை. வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கிய எத்தனையோ வீடுகள் நானாமார் பெயரிலும் கணவன்மார் பெயரிலும் இருக்கின்றன. உழைத்தவள் ஒரு அறையில் இருக்கிறாள். அலைவது பரவாயில்லை. அலையட்டும்.

இப்போது பட வரைஞர் புதிய பிளான் வரைந்து கொடுத்திருக்கிறார். அதில் இருப்பதும் காட்டியிருக்கிறது, அவள் முன்னால் கட்ட நினைக்கும் தையல் அறையும் புள்ளிக்கோட்டில் காட்டியிருக்கிறது. வாங்கிய பிறகு அந்த அறைக்கு அவள் பெயரில் தனி விண்ணப்பம் போட வேண்டும். அனுமதி கிடைத்தால் பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் காசு சேராவிட்டால் காலாவதியாகுமுன் போய் நீடிக்க வேண்டும். ஆகவே அவசரப்பட்டு எடுக்காதே, சீமெந்து வாங்கக் காசு இருக்கும்போது எடு என்று சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அந்த வளவுக்குப் போனோம். சீற்றைக் கழற்றியிருந்தார்கள். அவள் வீதிக்கோட்டுச் சான்றிதழில் இருந்த அளவைப் பார்த்து, நாடாவின் ஒரு நுனியை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு, ஈர்க்கில் ஒன்றை ஒடித்து மணலில் ஒரு கோடு கீறினாள். கோட்டுக்கு உள்ளே நின்று பார்த்தால் தையல் மெசின் இரண்டு வைக்கலாம். மூன்றாவது வைக்க இடம் போதாது. "நாலு அடி கூட இருந்தா நல்லா இருக்கும் சாச்சி" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பம் அடுத்த மாதத் திட்டக் குழுக் கூட்டத்துக்குப் போகிறது.